வீரனுக்கு எதற்குக் காசி ராஜா?

கடல்கன்னி கறுப்பாகப் பிறந்துவிட்டாள் என்று அமெரிக்காவில் ஒரு கூட்டம் ஒப்பாரி வைத்தது. டிஸ்னி கம்பெனி 1989ல் கார்ட்டூனாக எடுத்த 'லிட்டில் மெர்மெய்ட்' கதையை 2023ல் ஆட்களை நடிக்கவைத்து மறுபடி எடுத்தார்கள். கடல்கன்னியாக ஹாலி பெய்லி என்ற கறுப்பினப் பெண். "இவள் எங்கள் ஏரியல் இல்லை" என்று எழுதித் தள்ளினார்கள். இடுப்புக்குக் கீழே மீனாக இருப்பவளை நம்புகிறவனுக்கு, இடுப்புக்கு மேலே கறுப்பாக இருப்பவளை நம்ப முடியவில்லை. 2025ல் 'ஸ்நோ ஒயிட்' வந்தது. கதாநாயகி ரேச்சல் ஸெக்லர், தாய்வழியில் கொலம்பிய வம்சம். அதற்கும் அதே கூச்சல். கிரிம் சகோதரர்கள் 1812ல் அச்சிட்ட கதையில், பனிபோல் வெளுத்த பிள்ளை வேண்டும் என்று ராணி ஆசைப்படுவாள், அப்படியே பிறக்கும், அதனால் அந்தப் பெயர். புதிய படத்தில் பனிப்புயல் அடித்த இரவில் பிறந்ததால் அந்தப் பெயர் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு பழுப்பு நிறப் பெண்ணை அரண்மனைக்குள் விடுவதற்காகப் பிறப்புக் கதையையே திருத்தினார்கள்.

நம் தோழர்கள் சிலர் இதில் பூரித்துப்போனார்கள். "பாத்தீங்களா, வெள்ளக்காரனே மாறிட்டான். நம்ம சினிமாவுலயும் ராஜகுமாரியா ஒரு கறுத்த பொண்ணு நடிக்கணும், ஒரு தலித் பையன் இளவரசனா வரணும்" என்று மதுரையில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒரு தோழர் பேசினார். நல்ல கைதட்டல். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் தமிழ் சினிமா ராஜாராணிக் கதையில் நமக்கு இழைத்த அநியாயம் முகத்தில் தொடங்கவில்லை. பிறப்பில் தொடங்கியது. நம் ஆள் ஒருவன் கதாநாயகனாக ஏற்கெனவே திரையில் வந்துவிட்டான், 1956லேயே வந்துவிட்டான், ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஆனால் அவன் நமக்குப் பிறந்தவன் இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் அவனைத் திரைக்குள் விட்டார்கள். வெள்ளைக்காரன் பிறப்புக் கதையை மாற்றியது ஒருத்தியை உள்ளே விட. இங்கே பிறப்புக் கதையை மாற்றியது ஒருவனை நம்மிடமிருந்து பிடுங்க. இந்த வித்தியாசம் புரியாமல் கைதட்டினால் கை வலிப்பதுதான் மிச்சம்.

மதுரை வீரனைத்தான் சொல்கிறேன்.

கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் யாரும் அதை ஒழுங்காகப் படிப்பதில்லை. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலும் கூத்திலும் வருகிறபடி, காசி ராஜாவுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை; நாட்டுக்கு ஆகாது என்று சோசியன் சொல்கிறான். காட்டில் போட்டுவிடுகிறார்கள். சக்கிலியர் குலத்துச் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்த வீரன், தகப்பனுக்குப் பதிலாகப் பொம்மண நாயக்கன் மகள் பொம்மியின் தீட்டுக் குச்சிலுக்குக் காவல் போகிறான். இருவருக்கும் பிரியம் வருகிறது. கூட்டிக்கொண்டு ஓடுகிறான். துரத்தி வந்த படையை வெல்கிறான். திருச்சியில் சேவகம், பிறகு மதுரைக்கு வந்து கள்ளர் பயத்தை ஒடுக்குகிறான். அரண்மனை ஆடல்காரி வெள்ளையம்மாள் மேல் ஆசைப்பட்டு, மாட்டிக்கொண்டு, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். பிறகு சாமியாகிறான்.

இதில் காசியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு சக்கிலியப் பையன், நாயக்கர் வீட்டுப் பெண்ணோடு ஓடிப்போனான், ஆயுதம் எடுத்தான், அரண்மனைப் பெண்ணைத் தொட்டான், கையையும் காலையும் வெட்டினார்கள். இவ்வளவுதான். இது கதையா? நேற்றைய தினசரியில் வந்த செய்தி இல்லையா? இதற்கு எதற்குக் காசி ராஜா? காசிக்கும் மதுரைக்கும் நடுவில் எத்தனை காடு இருக்கிறது, ஒரு பச்சைப்பிள்ளையைப் போட இவ்வளவு தூரமா வரவேண்டும்? இன்னொன்று. திருச்சியில் வீரனை ஆதரித்ததாகக் கதை சொல்லும் விஜயரங்க சொக்கநாதன் பதினெட்டாம் நூற்றாண்டு நாயக்கன். மதுரையில் தண்டித்ததாகச் சொல்லும் திருமலை நாயக்கன் 1659லேயே செத்தவன். இருவருக்கும் நடுவில் அரை நூற்றாண்டு. கதை சொன்னவர்களுக்கு எந்த ராஜா எந்தக் காலம் என்று நினைவில்லை. ஆனால் வீரன் யாருக்குப் பிறந்தான் என்பது மட்டும் வம்சாவளியோடு துல்லியமாக நினைவிருக்கிறது! வரலாறு மறக்கும் இடத்திலும் சாதி மறக்காது.

1956ல் கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியார் தயாரித்து, யோகானந்த் இயக்கி, கண்ணதாசன் வசனம் எழுதி 'மதுரை வீரன்' வந்தது. எம்.ஜி.ஆர். வீரன். பானுமதி பொம்மி. பத்மினி வெள்ளையம்மாள். வீரனை வளர்த்த சக்கிலியத் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். படத்திலும் வீரன் அரசகுலத்துப் பிள்ளைதான். சோசியம், காடு, எடுத்து வளர்ப்பு எல்லாம் அப்படியே. அண்ணாவின் கட்சிக்காரராகத் தெரிந்த நடிகர். வசனம் எழுதியவரும் அந்த இயக்கத்துக் கவிஞர். திராவிட இயக்கம் மேடைமேடையாகப் பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று பேசிக்கொண்டிருந்த காலம். அந்த இடத்திலாவது காசி ராஜாவை இறக்கிவிட்டிருக்கலாம். இறக்கவில்லை. ரசிகன் ஏற்கமாட்டான் என்று சொல்லுவார்கள். எந்த ரசிகன்? தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த நம்ம ரசிகனா ஏற்காமல் போயிருப்பான்?

இந்தப் படத்தை நான் சும்மா தூக்கி எறியச் சொல்லவில்லை. எங்கள் பகுதிக் கிழவிகளுக்கு முன்னால் இந்தப் படத்தைக் குறை சொல்லிவிட்டு உயிரோடு வந்துவிட முடியாது. எம்.ஜி.ஆருக்கு உழைக்கும் சாதிகளிடம் இருந்த ஒட்டுறவுக்கு இந்தப் படம் ஒரு பெரிய காரணம். செருப்புத் தைக்கிற வீட்டில், மாட்டுத்தோலுக்கு நடுவில், ஒரு கதாநாயகன் "அப்பா" "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வளர்வதைத் தமிழ்த் திரையில் அதற்குமுன் எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நம் சனம் கூடியது. கலைவாணரும் மதுரமும் அந்தப் பாத்திரங்களைக் கேவலப்படுத்தவும் இல்லை. ஆனால் கவனியுங்கள்: பெற்றவர்களுக்குக் கிரீடம், வளர்த்தவர்களுக்கு நகைச்சுவை. யாரைப் பார்த்து அழவேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்று படம் முன்கூட்டியே பிரித்துவைத்துவிட்டது. எம்.ஜி.ஆரின் சிவந்த மேனி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சின்னான் குடிசையில் அந்த நிறம் நிற்கும்போதே, "இது இங்கே பிறந்தது இல்லை" என்று திரை சொல்லிவிடுகிறது. வசனம்கூட வேண்டியதில்லை.

இதோடு, இன்னொரு தெய்வத்தையும் பாருங்கள். பறையர் வீட்டில் வளர்ந்த காத்தவராயன், பார்ப்பனப் பெண் ஆரியமாலாவைத் தூக்கிக்கொண்டு போனதற்குக் கழுவேற்றப்பட்டவன். அவனுக்குக் கதைப்பாட்டு கொடுத்த பெற்றோர் சாட்சாத் சிவனும் பார்வதியும். 1958ல் சிவாஜி நடித்துப் படமாக வந்தது. காசி ராஜா கிடைக்காவிட்டால் கைலாசத்திலிருந்தாவது ஒரு அப்பனைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்!

பாபநாசம் மலைப்பக்கம் வழங்கும் முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலைதான், தலைகீழாக. அங்கே ஆண் பார்ப்பனன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துப்போட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். எப்பேர்ப்பட்ட கதை! இதை விட்டுவைப்பார்களா? பிற்காலப் பிரதிகளில், அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு ஒட்டு. பேராசிரியர் நா. வானமாமலை பிரதிகளை ஒப்பிட்டு இது பின்னால் சேர்த்தது என்று காட்டினார். அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை வெளியிட்டது நம் மதுரைப் பல்கலைக்கழகம்தான், எழுபதுகளின் தொடக்கத்தில். எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் எல்லோரும் நாட்டார் வழக்காற்றியல் தாளில் இதை எழுதி மார்க் வாங்கியிருப்போம். மார்க் வாங்கியதோடு சரி. ஒரு பிரதியில் பிடிபட்ட திருட்டை மற்றப் பிரதிகளிலும் தேடவேண்டாமா? சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குப் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். அந்தச் செருப்பு மட்டும்தான் இன்னும் பொய் சொல்லாமல் இருக்கிறது.

செருப்பு என்றதும் சிண்ட்ரெல்லா. பிரெஞ்சுக்காரன் பெரோ 1697ல் எழுதினான், டிஸ்னி 1950ல் எடுத்தான், உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். ஒரு செருப்பு யாருடைய காலுக்குப் பொருந்துகிறதோ அவள் ராணி. அடுப்பங்கரைச் சாம்பலில் கிடந்த பெண்ணைச் செருப்பு அரண்மனைக்கு அழைத்துப்போகிறது. மதுரையைச் சுற்றிய ஊர்களில் நம் அப்பன்மார் ஆதிக்கசாதித் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள். தைத்துக் கொடுத்தவன் போடக்கூடாது. இந்த மண்ணில் செருப்பை வைத்து ஒரு தேவதைக் கதை எழுதினால் அது எங்கே போய் முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐரோப்பியக் கதைகளை நான் கும்பிடச் சொல்லவில்லை. வெளுப்புக்கும் அழகுக்கும் நேர்மைக்கும் 'ஃபேர்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற பாஷை ஆங்கிலம். அந்தச் சொல்லை டியூபில் அடைத்து 1975லிருந்து நம் பெண்களிடம் விற்றார்கள். 2020ல் பெயரை மட்டும் மாற்றினார்கள், களிம்பு கடையில் அப்படியே இருக்கிறது. சூனியக்காரி என்றால் கறுப்பு உடை, வளைந்த மூக்கு. குள்ளமான மனிதர்கள் என்றால் சுரங்கத்தில் வேலை செய்யும் கோமாளிகள். 2025 படத்தில் அந்த ஏழு பேரையும் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டார்கள். அதைக் கேட்டு, உயரம் குறைந்த நடிகர்கள் சிலர், "இருந்த பிழைப்பும் போச்சா" என்று கேட்டார்கள். ஒருவரை உள்ளே விடுகிற கையே இன்னொருவரை வெளியே தள்ளுகிறது. பன்முகத்தன்மை என்ற வார்த்தையைக் கம்பெனிகள் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கிரிம் தொகுப்பில் ஒரு தையல்காரன் கதை உண்டு. ஒரே அடியில் ஏழு ஈக்களைக் கொன்றவன். அதை வைத்தே சவடால் அடித்து, அரக்கர்களை ஏமாற்றி, ராஜகுமாரியைக் கட்டுகிறான். ராத்திரி தூக்கத்தில் துணி தைப்பதைப் பற்றி உளறுகிறான். ராணிக்குத் தெரிந்துபோகிறது, இவன் தையல்காரன் என்று. அப்பனிடம் சொல்லி அவனைக் கட்டித் தூக்கப் பார்க்கிறாள். அதிலும் தப்பித்து, கடைசிவரை ராஜாவாகவே இருக்கிறான். இதில் முக்கியமானது: கதை முடியும்போதும் அவன் தையல்காரனுக்குப் பிறந்தவன்தான். அவன் உண்மையில் இளவரசன், தையல்காரன் எடுத்து வளர்த்தான் என்று யாரும் வந்து சொல்வதில்லை. 1938ல் டிஸ்னியே மிக்கி எலியை வைத்து இதைக் குறும்படமாக எடுத்தது.

நம்மிடமும் சில தொழில்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. 1951ல் வந்த 'பாதாள பைரவி'யில் தோட்டக்காரன் மகன் ராஜகுமாரியைக் கட்டுகிறான், என்.டி. ராமராவ் நடித்தது. தோட்டக்காரன் ஏறலாம். ஏழை ஏறலாம். செருப்புத் தைக்கிறவன் ஏறவேண்டுமென்றால் மட்டும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதிலும் ராஜா கையெழுத்துப் போட்ட சான்றிதழ். வர்க்கத்தைக் கதை மன்னிக்கிறது, தீண்டாமையை மன்னிப்பதில்லை. ஐரோப்பியத் தேவதைக் கதையையும் நம் ராஜாராணிப் படத்தையும் ஒரே தராசில் வைத்துப் 'பிரதிநிதித்துவம்' பேசுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் பழைய படம், இப்ப யாரு இப்படி எடுக்குறா என்று கேட்பவர்களுக்கு 2015 ஜூலையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 'பாகுபலி' வந்தது. நம் காலத்துத் தேவதைக் கதை அதுதான். மலைச்சாதிப் பெண் சங்கா ஆற்றில் வந்த குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். ரோகிணி நடித்தார். பையன் மலையேறுகிறான், சிவலிங்கத்தைத் தூக்குகிறான், கடைசியில் பார்த்தால் ராஜகுமாரன். பார்த்த உடனே பரம்பரை அடிமை கட்டப்பா அவன் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். அந்தக் கட்டப்பாவாக நடித்தவர், பெரியார் கொள்கைக்காரர் என்று ஊரறிந்த சத்யராஜ்! தியேட்டர் அதிர்ந்தது. பிள்ளையை வளர்த்த சங்கா அதற்குப் பிறகு கதைக்கு எதற்கு? 1956ல் செல்லிக்கு நேர்ந்ததுதான் 2015ல் சங்காவுக்கும்.

அதே படத்தில் எதிரிகள் காலகேயர்கள். கரி பூசிய உடம்பு, சடைபிடித்த தலை, மனிதர் பேச்சுபோல் இல்லாத ஒரு பாஷை. அந்தப் பாஷையை உட்கார்ந்து உருவாக்கினார்கள், 'கிளிக்கி' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பெருமையாகப் பேட்டி வந்தது. அந்தக் காலகேயரை எதிர்த்து நாயகன் வீரம் பேசும் இடத்தில், தமிழ் வசனத்தில், 'பகடை' என்ற சொல் பிறப்போடு சேர்த்து வசையாக வந்தது. இன்னாருக்குப் பிறந்தவன் என்பது வசை. பகடை என்றால் அருந்ததியர். வாலப்பகடை நம் பாட்டன். நெற்கட்டும்செவல் ஒண்டிவீரன் பகடைக்கு 2022ல் இந்திய அரசு தபால்தலை போட்டது. மதுரையில் அந்தப் படம் ஓடிய ஒரு தியேட்டர் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். பிறகு வசனம் எழுதிய மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார். குண்டு வீசுவதை நான் ஏற்கவில்லை. தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவனும் கக்கூஸ் கழுவுகிறவளும் நம்ம சனம்தான். ஆனால் அந்த வாரம் பத்திரிகைகளில் குண்டைப் பற்றி எழுதினார்கள், சொல்லைப் பற்றி எழுதினார்கள். அந்தச் சொல் ஏன் அந்தக் கதைக்குள் அவ்வளவு சுலபமாகப் போய் உட்கார்ந்தது என்று யாரும் எழுதவில்லை. தற்செயலாக விழுந்த சொல் என்றே வைத்துக்கொள்வோம். பிறப்பே எல்லாம் என்று நிற்கிற கதையில் அது சரியான இடத்தில் போய் விழுந்ததே, அதைத்தான் கேட்கிறேன். எவன் உயர்ந்தவன்? ராஜாவுக்குப் பிறந்து மலைச்சாதியில் வளர்ந்தவன். எவன் இழிந்தவன்? பகடைக்குப் பிறந்தவன். ஒரே படத்தில் இரண்டு பாடமும் கிடைத்துவிட்டது.

"அண்ணே, இதெல்லாம் சின்னப்புள்ளைக கதை, இதுல போயி சாதியப் பாக்குறீங்களே" என்று சொல்லும் தம்பிகள் உண்டு. சரி, சின்னப்புள்ளை கதையே சொல்கிறேன். மதுரைக்கு வெளியே எங்கள் மாலைநேர வகுப்புக்கு வரும் ஒரு பெண்பிள்ளை, மூன்றாம் வகுப்பு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சத ஒதுக்கீட்டில் ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆண்டுவிழாவில் 'ஸ்நோ ஒயிட்' நாடகம். நல்ல உச்சரிப்பு, கணீர் என்ற குரல். அதனால் இவளைக் கண்ணாடியாகப் போட்டார்கள். அட்டையில் செய்த பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, உலகத்திலேயே யார் அழகி என்று ராணி கேட்கும்போது, ஸ்நோ ஒயிட்தான் என்று இவள் சொல்லவேண்டும். குரல் கேட்டது, முகம் தெரியவில்லை. பிள்ளையைப் பார்க்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அம்மாவும் அப்பாயியும் கடைசி வரிசையில் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீச்சரம்மாவிடம் கேட்டேன். கோபப்படவில்லை அந்தம்மா, தன்மையாகத்தான் சொன்னார்: "கேரக்டருக்குன்னு ஒரு லுக் இருக்குல்ல சார்." கறுத்த குழந்தையின் வாயாலேயே வெளுத்த குழந்தைதான் அழகு என்று சொல்லவைத்து, அதை எட்டு முறை ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹாலி பெய்லியைப் பார்த்துக் கறுப்பினக் குழந்தைகள் "என்னை மாதிரியே இருக்கா" என்று குதித்த வீடியோக்கள் வந்தன. அந்தச் சந்தோஷத்தை நான் லேசாக எண்ணமாட்டேன். இந்தப் பிள்ளைக்கும் அது வேண்டும். ஆனால் நாளைக்கே இவளை ஸ்நோ ஒயிட்டாகப் போட்டு, பவுடர் அப்பி மேடையில் நிறுத்தி, கதையில் மட்டும் இவள் ராஜா பெற்ற பிள்ளை என்று வைத்தால், வீட்டில் இருக்கும் அப்பாயி மறுபடி கடைசி வரிசைக்குத்தானே போகவேண்டும்?

இன்னொரு வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது, அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லவேண்டும். காசி ராஜா கதையை மேல்சாதிக்காரன்தான் சேர்த்தான் என்று எப்படிச் சொல்லமுடியும், நம் பாட்டுக்காரனே சேர்த்திருக்கலாம் இல்லையா என்கிறார்கள். சேர்த்திருக்கலாம். நாயக்கர் வீட்டுப் பெண்ணைச் சக்கிலியன் தூக்கிப்போன கதையை நாயக்கர் ஊர்ச் சாவடியில் விடியவிடியப் பாடவேண்டும், பாடிவிட்டு நெல்லும் வாங்கவேண்டும், உயிரோடும் திரும்பவேண்டும். "சாமி, அவன் எங்காளு இல்ல, ராசா வீட்டுப் பிள்ளை" என்று ஒரு வரி முதலில் பாடிவிட்டால் பிறகு எதையும் பாடலாம். அது பாடகனின் சாமர்த்தியம், கேடயம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கேடயத்தைச் சண்டை முடிந்தபிறகும் முகத்தில் கட்டிக்கொண்டு திரிந்தால் முகம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். 1956ல் யார் அடித்துவிடப்போகிறார்கள் என்று பயந்து அதைக் கட்டினார்கள்? இன்றைக்கு யாருக்குப் பயந்து கட்டிக்கொண்டிருக்கிறோம்?

மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் வீரனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "ஆத்தா, வீரன் காசி ராசா மகனாமே?" என்று கேட்டேன். "ஆமாப்பா, பெத்துக் காட்டுல போட்டாய்ங்களாம். அப்படிப் போட்டவனப் பத்தி எனக்கு என்ன பேச்சு? எங்க செல்லி தூக்கிட்டு வந்தா" என்றது. ஆய்வேட்டில் எழுதமுடியாத ஒரு தீர்ப்பு.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே வீரன் நிற்கிறான். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவர்கள் உள்ளே போகும்வரை, அந்த வாசலைத் தாண்ட நமக்கு உரிமை இல்லை. காவலுக்கு நிற்கும் சாமி நம்ம சாமி; காவல் காக்கப்படும் கோயிலுக்குள் நாம் போகக்கூடாது. அவன் ராஜா பிள்ளை என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்களா? கதையில் ராஜா பிள்ளை, இடம் ஒதுக்கும்போது சக்கிலியப் பிள்ளை. பெருமை வேண்டும்போது காசி, வேலை வாங்கும்போது சேரி. இதில் அவர்களுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

பாகுபலி வருவதற்குச் சில வாரங்கள் முன்னால், 2015 ஜூன் மாதம், திருச்செங்கோட்டுக் கோயிலில் கவுண்டர் பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றதற்காக ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜைக் கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள். இன்ஜினியரிங் முடித்த பையன். அந்த வழக்கில் 2022ல் தீர்ப்புச் சொன்னது நம் மதுரை நீதிமன்றம்தான். கோகுல்ராஜுக்கு எந்தக் காசி ராஜாவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், அவன் உண்மையில் பெரிய இடத்துப் பிள்ளை என்று கடைசி ரீலில் யாராவது ஓலையோடு வந்து நின்றிருந்தால், கொன்றவர்களே வருந்தியிருப்பார்கள். இந்தப் படங்கள் அறுபது வருசமாக ஊட்டிவரும் நியாயம் அதுதான்: வீரனை வெட்டியது தப்பு, ஏனென்றால் அவன் ராஜா பிள்ளை. சின்னான் பெற்ற பிள்ளையாக இருந்தால் வெட்டியது சரியாகிவிடுமா? இந்தக் கேள்வியை ஒரு தமிழ்ப் படமாவது நேராகக் கேட்டிருக்கிறதா?

பக்கத்தில் ஒருவர் வந்தார். மாரி செல்வராஜ் 2021ல் 'கர்ணன்' என்று படம் எடுத்தார். கர்ணன் கதையும் இதே அச்சுதான்: சூரியனுக்கும் குந்திக்கும் பிறந்து தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். 1964ல் பந்துலு எடுத்தபோது சிவாஜி கவச குண்டலத்தோடு வந்தார். மாரி செல்வராஜ் பெயரை வைத்துக்கொண்டு குந்தியைத் தூக்கி எறிந்துவிட்டார். பொடியன்குளத்துக் கர்ணனுக்கு அம்மா அந்த ஊர்க்காரிதான், வேறு ரகசிய அம்மா கிடையாது. பஸ் நிற்காத ஊரில் பஸ்ஸை நிறுத்துவதற்கு ராஜரத்தம் வேண்டியதில்லை என்று அந்தப் படம் காட்டியது. இதைத்தான் செய்யவேண்டும். இளவரசனாக நடிக்க நமக்கு ஒரு நாற்காலி தாருங்கள் என்று போய் நிற்பதைவிட, வீரனின் தொப்புள்கொடியைச் செல்லியின் வயிற்றோடு திரும்பக் கட்டுகிற வேலை பெரிது. அதற்குப் பத்துக் கோடி செலவு ஆகாது. முதல் காட்சியை மாற்றி எழுதினால் போதும்.

எழுதியிருக்கிறோம். எங்கள் மாலைநேர வகுப்புப் பிள்ளைகளும் வாலிபர்களுமாகச் சேர்ந்து ஒன்றரை மணிநேர நாடகம். முதல் காட்சியில் காசி இல்லை. மழைக்கால ராத்திரி, சின்னான் குடிசை, செல்லிக்கு இடுப்புவலி, மருத்துவச்சி வருகிறாள், கொடி சுற்றிய பிள்ளையைக் கொடி அவிழ்த்து எடுக்கிறாள். சோசியன் இல்லை. மருத்துவச்சியாக நடிப்பது கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அதே பிள்ளை. அவளுக்கு வயசு பத்தாதுதான், ஆனால் விடமாட்டேன் என்று நிற்கிறாள். இரண்டு ஊர்களில் போட்டோம், சனம் நன்றாகப் பார்த்தது. மூன்றாவது ஊரில் முதல் காட்சி முடிவதற்குள் ஊர்க்காரர்கள் சிலர் வந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். "எங்களுக்கும் குலசாமிய்யா அது. சாமியப் போயி சக்கிலியனுக்குப் பொறந்ததாக் காட்டுவீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம், அப்படித்தான் காட்டுவோம் என்றோம். கலாட்டா ஆகி, போலீஸ் வந்து, நாடகம் நின்றுபோனது. எங்கள் செட்டுச் சாமான்களில் பாதி இன்னும் அந்த ஊர்ச் சாவடியில் கிடக்கிறது.

ஆடி மாதம் வேறு இரண்டு ஊர்களில் கேட்டிருக்கிறார்கள். தவில் ஒன்று தேவைப்படுகிறது. நாடகப் பிரதி வேண்டும் தோழர்கள் எழுதினால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறோம். உங்கள் ஊர்க் கதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், முதல் காட்சியை மட்டும் தொடவேண்டாம்.